ஆறாம் அறைக் கட்டில்

ஆறாம் அறைக் கட்டிலில் ஒரு கால் உருளாது.
இழுக்கிற ஒவ்வொரு முறையும்
சிவப்புச் சீமெந்தில் ஒரு வளைந்த கீறல்.
ஒன்பது வருடத்துக் கீறல்கள்.
லைட்டைப் போட்டால்,
யாரோ கவராயம் பிடித்து வட்டம் கீறத் தொடங்கி
பாதியில் எழும்பிப் போன மாதிரி.

ஸ்ரான்லி வீதி, பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட,
எட்டு அறை. இரவுக் காவல் என்னுடையது.

நயினாதீவுக்குப் போகிற குருநாகல் குடும்பம்
துணிக்குள் சுற்றிவந்த சின்னப் புத்தரை
ஜன்னல் விளிம்பில் வைத்தது.
அந்தப் பக்கம் கால் நீட்டக் கூடாதாம்.
திருப்பினேன்.

கொரிய எஞ்சினியர், சித்திரை வெக்கையில்,
ஃபானை நிறுத்திவிட்டுப் படுத்தார்.
பூட்டிய அறையில் ஃபான் சுற்றினால்
நித்திரையிலேயே ஆளை முடித்துவிடுமாம்.
"நம்புறீங்களோ?"
"இல்லை" என்றார், சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல்.
விடியப் பெட்ஷீட்டைப் பிழிந்தால்
ஒரு செம்பு நிரம்பியிருக்கும்.

புத்தளத்திலிருந்து ஜெஸீம் நானா வந்தார்.
பிறந்தது இங்கிருந்து நாலு ஒழுங்கை தள்ளி.
"சொந்த ஊரிலை வாடகைக்குப் படுக்கிறன் பாருங்க" என்று சிரித்தார்.
படுக்கையை மூன்று தரம் தட்டினார்.
வலப்பக்கம் சரிந்து மேற்கே முகம் வைக்க,
தலைமாடு வடக்கே வேண்டும்.
"வடக்கையோ?" என்றது என் வாய், என்னைக் கேளாமல்.
திருப்பினேன்.
அன்றிரவு அவர் விட்ட குறட்டைக்கு
யமன் வந்திருந்தாலும் திரும்பிப் போயிருப்பான்.

வடக்கு எனக்குப் பழசு.

கொக்குவிலில் நாங்கள் வெட்டிய பங்கர்
கிணற்றுக்கும் பலாவுக்கும் இடையில்,
வேறு இடமில்லை, வடக்குத் தெற்காக.
வாய் தெற்கே.
அப்பா சொன்னார்: சன்னம் வாயாலைதான் வரும்,
காலை அங்காலை நீட்டு,
கால் போனாலும் தலை மிஞ்சும்.
அம்மா சொன்னா: வடக்கே தலை வைக்கிறது பிணம்.
கிபிர் இரைகிறது,
பனங்குற்றிக்குக் கீழே இருவரும்
தலைமாடா கால்மாடா என்று சண்டை.
நான் அப்பா பக்கம் படுத்தேன்.
வாகீசன் அம்மா பக்கம்.
என் மூக்குக்கு நேரே அவனுடைய பெருவிரல்,
அழுக்கு நகம்.
ஒருநாளும் ஒருவருக்கும்
ஒன்றும் நடக்கவில்லை அந்தப் பங்கருக்குள்.

பிறகு வெளியில்தான்.
படிவத்தில் உயரம் கேட்டார்கள், நிறம், மச்சம்,
கடைசியாகப் போட்டிருந்த சேட்டு.
அம்மா எல்லாம் சொன்னா.
எழுதுகிற பிள்ளை பேனையை மூடிய பிறகு
மெல்லக் கேட்டா:
"எந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கிறானோ, பிள்ளை,
அதை விசாரிக்கேலாதோ?"
அந்தப் பிள்ளை படிவத்தைத் திரும்பத் திறந்து
இடம் தேடியது.

நேற்று இரவு இரண்டரைக்கு ஆறாம் அறையில் மணி.
ஸ்காபரோவில் பிறந்த சாம்பவி, வியர்த்து வழிந்து.
கண் திறந்திருந்ததாம், கை அசையவில்லையாம்,
நெஞ்சில் ஒன்று ஏறிக் குந்தியிருந்ததாம்.
அதற்கு வைத்தியப் பெயர் உண்டு என்று
போனில் வாசித்துக் காட்டினாள், நடுங்கிக்கொண்டே.
எனக்குத் தெரிந்த பெயர் அமுக்குவான்.
அதை நான் சொல்லவில்லை.
இரும்பு வைத்தால் கிட்டாது.
மடியிலிருந்த திறப்புக் கோர்வையை
அவளுடைய தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தேன்.
ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

மூன்றரைக்குக் கொழும்பு பஸ்ஸால் இறங்கி வந்தவருக்கு
அறை இருந்தது, திறப்பு இல்லை.
"நித்திரை கொள்ளுற பிள்ளையை எழுப்பேலாது, ஐயா."
"கதிரை காணும்" என்று சப்பாத்தைக் கழற்றினார்.
ஐந்து நிமிடத்தில் வாய் பிளந்துவிட்டது.

பழக்கதோஷம், எட்டிப் பார்த்தேன்.
முதுகு நிமிர்ந்தபடி.
தலை கூரைப் பக்கம்.
அதற்கு அம்மாவிடமும் ஒரு விதி இருந்ததாய்
ஞாபகம் இல்லை.